வெய்சரின் ஸ்லைஸும் ஆரம்பாக்கத்து லேடரும்

மார்க் வெய்சர் என்றதும் எல்லோரும் 1991-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வந்த அவருடைய கட்டுரையைத்தான் சொல்வார்கள். கணினி நம் கவனத்துக்கே வராமல் அன்றாடப் பொருள்களுக்குள் கரைந்துபோகும் என்று அவர் எழுதியது பலித்துவிட்டதால், அந்தப் பெருமை ஓங்கி நிற்கிறது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் தலைமைத் தொழில்நுட்பர், இணையத்தில் முதலில் நேரலையாக வாசித்த இசைக்குழுவின் டிரம்மர் என்று கதைகள் வேறு. இருக்கட்டும். எனக்கு அவர் 1979-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்லைஸ் பற்றி ஆய்வேடு கொடுத்த மாணவர். ஸ்லைஸ் என்றால், நிரலின் ஓரிடத்தில் ஒரு மாறியின் மதிப்பைப் பாதிக்கக்கூடிய வரிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த துண்டு. 46 வயதில், 1999-இல் போய்விட்டார். அவர் வேறு எதுவும் செய்யாமல் போயிருந்தாலும் என் கணக்கில் குறை ஒன்றும் இல்லை.

ஸ்லைஸ் பற்றி அவர் எழுதியவற்றில் 1981-ஆம் ஆண்டு மாநாட்டுக் கட்டுரையையும், அதன் விரிவான 1984 வடிவத்தையும்தான் பாடத்திட்டங்கள் தூக்கிப் பிடிக்கின்றன. சமன்பாடுகள் அங்கேதான் இருக்கின்றன; ஆகச் சிறிய ஸ்லைஸைக் கண்டுபிடிக்கப் பொதுவான வழிமுறை கிடையாது என்ற நிரூபணமும் அந்த வரிசையில்தான் வருகிறது. ஆனால் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது, ஏசிஎம் இதழில் 1982-இல் வந்த சின்னக் கட்டுரையை. அதில் கணிதத்தைவிட மனிதர்கள் அதிகம். அனுபவமுள்ள நிரலாளர்களை உட்காரவைத்து, பிழை புகுத்திய சிறு நிரல்களைக் கொடுத்து, பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். முடித்த பிறகு சில துண்டுகளை நீட்டி, “இது நீங்கள் பார்த்த நிரலில் இருந்ததா?” என்று கேட்கிறார். சில துண்டுகள் அடுத்தடுத்த வரிகளாக அமைந்தவை. சில, பிழையோடு உறவுள்ள ஸ்லைஸ்கள். நிரலின் நாலு மூலையிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்த வரிகள். அந்த வடிவில் அவற்றை யாரும் அவர்களுக்குக் காட்டியதே இல்லை. இருந்தும் பார்த்த மாத்திரத்தில், அடுத்தடுத்து இருந்த வரிகளை எப்படி அடையாளம் கண்டார்களோ ஏறக்குறைய அதே அளவுக்கு இவற்றையும் கண்டுகொண்டார்கள்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தேர்ந்த கை பிழை தேடும்போது மனசுக்குள் ஸ்லைஸ் போடுகிறது. வெய்சர் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, நல்ல தொழிலாளி ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தார் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் தொழிலாளி மேல் இந்தக் காதல் இல்லை. வரைபடங்கள் இருக்கின்றன.

டைனமிக் ஸ்லைஸ்காரர்கள், அதாவது ஒரு குறிப்பிட்ட ஓட்டத்தில் நடந்ததை மட்டும் வைத்து ஸ்லைஸ் போடுகிறவர்கள், சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கமும் கனமானதுதான். 1988-இல் கோரலும் லாஸ்கியும் தொடங்கினார்கள். 1990-இல் ஹீராலால் அகர்வாலும் ஜோசப் ஹோர்கனும் அதைச் சார்பு வரைபடத்தின் மேல் நேர்த்தியாக அமைத்தார்கள். 2002-இல் கரக்பூர் ஐஐடியிலிருந்து முண்ட், மால், சர்க்கார் மூவரும் அதைச் சிக்கனமாகச் செய்ய ஒரு வழி சொன்னார்கள். நிரலை ஓட்டாமலே, எல்லா ஓட்டங்களுக்கும் சேர்த்துப் போடும் வெய்சருடைய ஸ்டேடிக் ஸ்லைஸ் ஊதிப்போகும் என்பது இவர்கள் புகார். உண்மைதான். பிங்க்லியும் ஹார்மனும் 2003-இல் சுமார் 10 லட்சம் வரி சி நிரல்களை எடுத்து அளந்தபோது, சராசரி ஸ்லைஸ் நிரலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே வந்தது. 30,000 வரி நிரலில் 10,000 வரியைக் கையில் கொடுத்து “இதில்தான் இருக்கிறது, தேடிக்கொள்” என்றால் யாருக்கும் எரிச்சல் வரும்.

ஆனாலும் எனக்கு ஸ்டேடிக்தான். டைனமிக் ஸ்லைஸ் இந்த ஒரு ஓட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லும். நடக்க வேண்டியது ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் திணறும். நுழையாமல் விட்ட கிளை அதன் பதிவிலேயே இருக்காதே. 2004-இல் கோவும் மையர்ஸும் ‘வைலைன்’ என்ற கருவியில் “ஏன் நடக்கவில்லை” என்ற கேள்விக்குத் தனி இடம் கொடுத்தது இதனால்தான். எங்கள் பக்கத்து மில்லில் வேலை பார்ப்பவனுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இரவு 2 மணிக்கு ஃபோன் வந்தால், “சார், ஓடல” என்றுதான் வரும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஆரம்பாக்கம் வரை, அதைத் தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி என்று இந்தப் பட்டை முழுக்க மெஷின்களை இயக்குவது பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி. இண்டக்‌ஷன் ஃபர்னஸ், டிஎம்டி கம்பி உருட்டும் ரோலிங் மில், பேக்கிங் லைன், எதற்கும் பேனலுக்குள் ஒரு லேடர், ஏணிப்படிபோல் வரைந்த நிரல். மென்பொருள் ஆய்வாளர்கள் ஏனோ இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. ஸ்லைஸுக்கு இதைவிட வாகான மொழி கிடையாது என்பேன். ஜம்ப் போட்டுத் தாண்டாதவரை ஒவ்வொரு ஸ்கேனிலும் எல்லா ரங்கும், அதாவது ஏணியின் எல்லாப் படியும், கணக்கிடப்படும்; பாயின்டர் தொல்லை பெரும்பாலும் இல்லை; ரங்கின் முடிவில் உள்ள வெளியீடான ஒரு காயிலை எடுத்து கிராஸ் ரெஃபரன்ஸ் தட்டினால் அது எங்கெல்லாம் எழுதப்படுகிறது, எங்கெல்லாம் படிக்கப்படுகிறது என்று பட்டியலே வந்துவிடும். ஓடாததற்குக் காரணமான கான்டாக்ட், அதாவது நிறைவேறாத நிபந்தனை, திரையிலேயே இருண்டு நிற்கும்.

இந்தப் பக்கத்து ரோலிங் மில் ஒன்றில் ரோலர் டேபிள் இரவு ஷிப்டில் மட்டும் திடீரென்று நிற்கும். பகலில் நிற்காது. எல்லோர் சந்தேகமும் சூடான உலோகத்தை உணரும் ஹாட் மெட்டல் டிடெக்டர் (எச்எம்டி) மேல். லென்ஸைத் துடைத்தார்கள், கேபிளை மாற்றினார்கள், புதிதாக ஒன்று வாங்கியும் போட்டார்கள். கடைசியில் ஒரு மூத்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். டிப்ளமோகூடக் கிடையாது. நிரலைப் பிரின்ட் எடுக்கச் சொன்னார். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார்.

டேபிள் மோட்டாரின் அவுட்புட் க்யூ 4.2. அதன் ரங்கில் மூன்று கான்டாக்ட். ஸ்டார்ட் கட்டளை சரி, டிரைவ் ஹெல்தி சரி. மூன்றாவது எம் 20.3, ‘ஹைட்ராலிக் ரெடி’. அதைச் சுழித்தார். அந்த பிட் எங்கே செட் ஆகிறது? ஒரே இடம், பம்ப் ஸ்டார்ட் கொடுக்கும்போது. எங்கே ரீசெட்? இரண்டு இடம். ஒன்று ஆயில் பிரஷர் குறைந்தால், நியாயம். இன்னொன்று எங்கோ கடைசி பிளாக்கில், அலாரம் அக்னாலெட்ஜ் பட்டனுக்குக் கீழே. அந்தத் தாளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, எச்எம்டிய விட்டுடு. அது இந்தப் பேப்பர்லயே இல்ல. ராத்திரி ஹூட்டர் அடிச்சா யாரு அமுக்குறா?”

“ஆபரேட்டர்தாண்ணே. மெயின்டனன்ஸ் ஆள் ராத்திரி இருக்க மாட்டாங்க.”

அவ்வளவுதான். பகலில் ஹூட்டர் அடித்தால் மெயின்டனன்ஸ் ஆள் வந்து கோளாறைப் பார்த்து, டேபிளை நிறுத்திய பிறகுதான் அக்னாலெட்ஜ் அமுக்குவான். இரவில் தனியாக இருக்கும் ஆபரேட்டர், எந்த அலாரமானாலும் காது வலிக்காமல் இருக்கப் பட்டனை அமுக்கிவிடுவார். அந்த நொடியே ரெடி பிட் போய்விடும், டேபிள் நிற்கும். பதறிப்போய் பம்ப்பை மறுபடி ஸ்டார்ட் செய்வார், பிட் செட் ஆகிவிடும், தடயமும் இருக்காது. ஹைட்ராலிக் அலாரம் வந்தால் மட்டும் அந்த ரீசெட் வேலை செய்யும்படி வரிசையில் ஒரு கான்டாக்ட் சேர்த்தார்கள். அதன்பின் டேபிள் அப்படி நிற்கவில்லை.

நான் ரசிப்பது இந்த இரட்டை வேலையை. ஊரே குற்றம்சாட்டிய எச்எம்டி, கம்பியை வெட்டும் ஷியரை மட்டும்தான் இயக்குகிறது. டேபிளின் ஸ்லைஸுக்குள் அது காலே வைக்கவில்லை, ஆகவே விடுதலை. யாருமே நினைக்காத ஹூட்டர் பட்டன், அழையாத விருந்தாளியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வெய்சரின் பெயரைக்கூடக் கேட்டிராத அந்த மனிதர் போட்டது, விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் போகும் அசல் பின்னோக்கு ஸ்லைஸ். தின் ஸ்லைஸிங் ரசிகர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 2007-இல் ஸ்ரீதரன், ஃபிங்க், போடிக் மூவரும் கொண்டுவந்த அந்த முறை, மதிப்பை உண்டாக்கும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டுச் சார்பை முதல் பார்வையில் ஒதுக்குகிறது. பெரிய ஜாவா நிரலுக்கு அது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. மில்லுக்கு ஆகாது. ஓடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் இன்டர்லாக்கை ஒதுக்கிவிட்டால் லேடரில் மிச்சம் என்ன இருக்கிறது?

ஸ்லைஸ் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். எழுதாமல் விட்ட ரங்கை எந்த ஸ்லைஸும் காட்டாது. சேர்க்க மறந்த லிமிட் சுவிட்ச்சைக் கண்டுபிடிக்க, மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் ஆக வேண்டும்.

இப்போது வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், லேப்டாப் வைத்திருக்கிறார்கள், ஏஐயிடம் கேட்கிறார்கள். பொறுமைதான் இல்லை. டேபிள் நின்றால் முதல் காரியம், பிட்டை ஃபோர்ஸ் செய்வது, அதாவது நிபந்தனை எப்படி இருந்தாலும் வலுக்கட்டாயமாக ஆன் ஆக்குவது. ஓடுகிறதா, ஓடுகிறது, கிளம்பு. ஃபோர்ஸை எடுக்க மறந்துவிட்டுப் போன பேனல்களை நானே பார்த்திருக்கிறேன். பிரஷர் சுவிட்ச்சுக்கு ஜம்பர் போட்டுவிட்டு, அதை டேப் சுற்றி மறைத்தும் வைத்திருந்தார்கள். கான்டாக்ட் இருண்டு நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஓர் ஆளின் கையோ காலோ இருக்கக்கூடும் என்ற பயம் போய்விட்டது. ஏஐயைக் குறை சொல்லி என்ன பயன்? அதனிடமும் இவர்கள் கேட்பது “எப்படி ஓட வைப்பது” என்றுதான்.

பழியை முழுக்கப் பிள்ளைகள் தலையில் கட்டவும் முடியாது. பழைய எஸ்7-300 பிஎல்சியின் சிபியுவிலிருந்து நிரலை அப்லோட் செய்தால் சிம்பலும் கமென்டும் வராது. வெறும் எம் 20.3 என்று நிற்கும், ‘ஹைட்ராலிக் ரெடி’ என்று யார் சொல்வது? மூல ஃபைல் மெஷின் போட்டுக்கொடுத்த கம்பெனியிடம் இருக்கும், அந்தக் கம்பெனி இருக்காது. சிலர் பிளாக்குகளைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியே கொடுக்கிறார்கள். பூட்டிய பிளாக்குக்குள் ஸ்லைஸ் நுழைய முடியாது. வெய்சரே வந்தாலும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஆகவே மில் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மெஷின் வாங்கும்போது, சிம்பலும் கமென்டும் உள்ள மூல ஃபைலைக் கையில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஒரு பிரின்ட் எடுத்து பேனல் கதவின் உள்பக்கத்தில் வையுங்கள்; கூடவே ஒரு சிவப்புப் பென்சிலும்.