வயிற்றில் எழுந்த இரண்டு சொற்கள்

'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தைப் பார்த்தவர்களிடம் கேட்டால், சிறுமியின் தலை முதுகுப்பக்கம் திரும்பியதையும் பாதிரியார்மீது அவள் பச்சையாக வாந்தியெடுத்ததையும் சொல்வார்கள். வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி 1973 டிசம்பரில் வெளிவந்த அந்தப் படத்தில் இவற்றைவிடக் கொடுமையான காட்சி ஒன்று இருக்கிறது. அதில் யாரும் அலறுவதில்லை. இரவு, விடும் மூச்சு புகையாகத் தெரியுமளவுக்குக் குளிர்ந்துபோன அறை. கட்டிலில் கிடக்கும் 12 வயது ரீகனின் உடையை விலக்கி, அந்த வீட்டில் வேலை பார்க்கும் பெண் டார்ச் வெளிச்சத்தை அவள் வயிற்றில் பாய்ச்சுகிறாள். பாதிரியார் காரஸ் குனிந்து பார்க்கிறார். பூச்சிக்கடியின் தடிப்பு கிளம்புவதுபோல் தோலில் மெல்ல எழுத்துகள் புடைத்து வருகின்றன. உதவி கேட்கும் இரண்டே ஆங்கிலச் சொற்கள். வாயைப் பேய் பிடுங்கிக்கொண்டுவிட்டதால் அந்தக் குழந்தைக்குச் சொந்தமாக மிஞ்சியிருப்பது தோல் மட்டும். பேயோட்டும் படங்கள் உண்டாக்கும் பயத்தின் வேர் இந்தக் காட்சியில் இருக்கிறது. பேய் உண்டா இல்லையா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான். ஒருவர் வாய் திறந்ததும் 'இது அவள் பேச்சில்லை' என்று சுற்றியிருப்பவர்கள் முடிவுகட்டிவிட்டால், பிறகு அவள் எதைச் சொன்னாலும் செல்லாது. நம்மை நடுங்க வைப்பது அந்த நிலை.

இந்தக் குரல் பறிப்பு படம் உருவான விதத்திலேயே நடந்திருக்கிறது. திரையில் தெரியும் முகம் லிண்டா பிளேருடையது. பேயாகப் பேசும் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகையுடையது. வானொலி நாடகங்களில் பேர்போன அவர், பச்சை முட்டையை விழுங்கியும் சிகரெட் புகைத்தும் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு பேசினார். முதலில் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. போராடித்தான் அதைச் சேர்க்க வைத்தார். பத்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற அந்தப் படத்துக்குக் கிடைத்த இரண்டு விருதுகளில் ஒன்று ஒலிக்கானது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாலும் இந்தப் படம் விடாது. காதைப் பொத்தினால் பாதி பயம் போய்விடும். இன்னொன்று: வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971இல் எழுதிய மூலநாவலுக்குத் தூண்டுதலாக இருந்தது 1949இல் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட பேயோட்டல். சிறுவன் கதையில் சிறுமியானான். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அதற்குப் பிறகு இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவற்றில் கட்டிலில் கட்டப்பட்டது இளம்பெண்ணின் உடம்பு.

அந்தக் கட்டிலைச் சுற்றி முதலில் நிற்பவர்கள் டாக்டர்கள். ரீகனின் கழுத்தில் ஊசி ஏறி, ரத்தம் பீறிட்டு, இயந்திரங்கள் தடதடக்கும் மருத்துவமனைக் காட்சி பேய்க்காட்சிகளைவிடத் தாங்க முடியாதது என்று சொல்கிறவர்கள் பலர். அடுத்து வருபவர் மனநல மருத்துவம் படித்த பாதிரியாரான காரஸ். குழாய்த்தண்ணீரைப் புனித நீர் என்று சொல்லித் தெளித்துப் பார்க்கிறார். அவள் பேச்சை டேப்பில் பதிவுசெய்கிறார்; பின்னோக்கி ஓட்டினால் அது தலைகீழ் ஆங்கிலம் என்று தெரியவருகிறது. இதெல்லாம் கேட்பதுபோல் இருக்கிறது, ஆனால் தடயம் தேடுவது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1614ஆம் ஆண்டுச் சடங்குநூலும் இதைத்தான் வகுத்தது. தெரியாத மொழியில் பேசுவது, மறைவானதை அறிவது, வயதுக்கு மீறிய பலம் ஆகியவை பேய் பிடித்ததன் அறிகுறிகள். பேயின் பெயரையும் எண்ணிக்கையையும் வந்த நேரத்தையும் கேட்கலாம், வீண்பேச்சு கூடாது. படத்தில் முதிய பாதிரியார் மெரின் காரஸுக்குச் சொல்லும் எச்சரிக்கையும் அதுவே: காதுகொடுக்காதே, அது பொய்யும் மெய்யும் கலந்து தாக்கும். பிரான்சின் லூதூன் நகரில் உர்சுலா சபைக் கன்னியருக்குப் பேயோட்டியது பல்லாயிரம் பேர் திரண்டு பார்த்த பொதுக்காட்சியாக இருந்தது. அவர்கள் வாயிலிருந்து வந்த குற்றச்சாட்டு ஊர்பான் கிராந்தியே என்ற பாதிரியாரை 1634இல் தீயில் ஏற்றியது. அங்கே காது கொடுத்தார்கள், ஆனால் அதிகாரத்துக்குத் தேவைப்பட்டதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். இயக்குநர் கவலரோவிச்சின் 'மதர் ஜோன் ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' (1961), கென் ரஸ்ஸலின் 'தி டெவில்ஸ்' (1971) ஆகிய படங்கள் இரண்டும் இந்த வரலாற்றிலிருந்து பிறந்தவை.

பார்க்கிறவர்கள் திடுக்கிடலுக்காகத்தானே போகிறார்கள், இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். திடுக்கிடல் மட்டும் என்றால் அது அரங்கை விட்டு வெளியே வருவதற்குள் தீர்ந்துவிட வேண்டும். 'தி எக்ஸார்சிஸ்ட்' பார்த்தபின் பல நாள் தூக்கமும் நிம்மதியும் இழந்து சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றி 1975இலேயே ஒரு மனநல மருத்துவர் ஆய்விதழில் எழுதினார். நம்பிக்கையாளர்களின் மறுப்பு இதைவிடக் கனமானது: பிளாட்டி பக்தியுள்ள கத்தோலிக்கர், பேய் மெய் என்றால் கடவுளும் மெய் என்று காட்டுவதே அவர் நோக்கம், அதைக் குரல் பற்றிய கதையாகச் சுருக்குவது நியாயமா? அவர் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் படத்தின் முடிவில் காரஸ் பேயைத் தன்னுள் வாங்கிக்கொண்டு ஜன்னல்வழி விழுந்து உயிரைக் கொடுத்தபின், ரீகனுக்கு எதுவும் நினைவில்லை. ஒரு பாதிரியாரின் கழுத்துப்பட்டையைப் பார்த்ததும் காரணம் தெரியாமல் அவரை முத்தமிடுகிறாள். மீட்பு முழுமையாக நடந்திருக்கிறது. மீட்கப்பட்டவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

எல்லா மரபும் இப்படிக் காதை மூடிக்கொள்வதில்லை. போலந்தில் 1937இல் யித்திஷ் மொழியில் எடுக்கப்பட்ட 'தி டிபுக்' படத்தில் பெண்ணைப் பிடிப்பது அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்டு, ஏமாற்றப்பட்டு இறந்த காதலன். யூத மதகுருவான ரபி விரட்டுவதற்கு முன் வழக்குமன்றம் கூட்டுகிறார். இறந்தவனின் தந்தையும் ஆவியாக வந்து வாக்குமீறலுக்கு நீதி கேட்கிறார். நம் ஊர் வழக்கம் இதற்கு வெகு அருகில் இருக்கிறது. உடுக்கையும் பம்பையும் முழங்க, நீ யாரு, எந்த ஊரு, எங்க புடிச்ச, உனக்கு என்ன வேணும் என்று கேட்பார்கள். பேய் தான் செத்த கதையைச் சொல்லும். சேவலோ கருவாடோ கேட்கும். பேரம் படிந்தபின் உச்சிமயிரைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள். தமிழ்ப் பேய்ப்படங்களில் பேய்க்கு ஒரு முன்கதை தவறாமல் இருப்பது இதனால்தான். 'காஞ்சனா'வில் (2011) பேயாக வருவது நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. படம் அவள் பக்கம் நிற்கிறது. 'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்ற மலையாளப் படத்தில் கங்காவைப் பற்றும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அவள் பேசுவது தமிழ். அதே கதை 'சந்திரமுகி'யாக (2005) தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்திக்குப் போனபோது வங்காளி. திருச்சபை அறிகுறியாகச் சொன்ன தெரியாத மொழி இங்கே பக்கத்து வீட்டு மொழியாகிறது. இந்தக் கதையில் வரும் மனநல மருத்துவர் நாகவல்லியை அடக்குவதில்லை. ஒரு பொம்மையை வைத்து, அவள் கேட்ட பழியைத் தீர்த்துக்கொள்ள விடுகிறார்.

அதற்காக நம் பேயோட்டல் மனிதத்தன்மை மிக்கது என்று பெருமைப்பட முடியாது. செஞ்சிப் பக்கம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபொகோவ், பிடிபட்டவர்களில் பலர் புதிதாக மணமான பெண்கள் என்றும், பிடித்ததாகச் சொல்லப்படுபவை காதல் நிறைவேறாமல் செத்த ஆண்கள் என்றும் காட்டினார். காதலனை விரட்டி மனைவியை மீட்பது என்பது அவருடைய ஒரு கட்டுரைத் தலைப்பின் சாரம். சாட்டையடிக்கும் முழக்கத்துக்கும் நடுவே, கூட்டம் எதிர்பார்க்கும் பெயரை அவள் சொல்லும்வரை கேள்வி நிற்பதில்லை. பேய்க்குப் பேச இடம் உண்டு. புருஷன் வீடு பிடிக்கவில்லை என்று அவள் தன் பெயரில் சொல்ல இடமில்லை. பேயிடம் பேசக்கூட ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. தர்காவுக்குக் குணம் தேடி அழைத்து வரப்பட்டவர்களை அடைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்ததால் 28 பேர் கருகினார்கள். அவர்கள் கத்தியிருப்பார்கள். அங்கே கத்தல் தினமும் கேட்கும் சத்தம்.

கடைசி மறுப்புக்குப் பதில் சொல்வது கடினம்: பாதிக்கப்பட்டவளே தனக்குப் பேய் என்று நம்பினால்? ஜெர்மனியில் அன்னலீஸ மிஷெல் வலிப்புக்கு மருந்து சாப்பிட்டுவந்த கல்லூரி மாணவி. அவளும் அப்படி நம்பினாள். 1975 செப்டம்பர் முதல் 67 முறை சடங்கு நடந்தது; நாற்பதுக்கும் மேற்பட்ட டேப்புகளில் அவள் குரல் பதிவானது; 1976 ஜூலை 1 அன்று 23 வயதில், ஏறக்குறைய 31 கிலோ எடையில் இறந்தாள். பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் 1978இல் தண்டிக்கப்பட்டார்கள். ஹாலிவுட் இதை 'தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' (2005) என்று நீதிமன்றக் கதையாக்கியது. அதில் அவள் எழுதிய கடிதத்தைப் பாதிரியார் சாட்சிக்கூண்டில் வாசிக்கிறார். அவள் சொற்கள் பேய் உண்டு என்பதற்கான ஆவணமாகின்றன. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஷ்மிட்டின் 'ரெக்வியம்' (2006) அதே வாழ்க்கையைத் தலைகீழாக எடுத்தது. அதில் மாய ஒலி இல்லை, மாற்றுக்குரல் இல்லை. நாயகியாக நடிக்கும் சாண்ட்ரா ஹ்யூலர் தன் சொந்தக் குரலில் கத்துகிறார், சொந்தக் குரலில் ஜெபிக்க முடியாமல் திணறுகிறார். அந்த நடிப்புக்கு பெர்லின் விழாவில் வெள்ளிக்கரடி கிடைத்தது. முடிவுக்குச் சற்று முன் தோழி நாயகியைத் தன்னோடு வந்துவிடும்படி அழைக்கிறாள். அவள் அமைதியாக மறுக்கிறாள். மரணத்தைப் படம் காட்டுவதில்லை. எழுத்தில் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தவறான முடிவைச் சொல்லும் அந்தக் குரல் யாருடையது என்பதில் மட்டும் பார்வையாளருக்குச் சந்தேகமே வருவதில்லை. இந்த வகைப் படங்களில் நான் மிகவும் பயந்து பார்க்கும் நிமிடம் அது.