‘பெற்றோர்’: ஒரு சொல்லும் ஒரு தீர்ப்பும்

சொல்லுக்குப் பொருள் காணும் முயற்சியில் உரையாசிரியர்கள் நிகழ்த்திய போர்களைச் சுவைத்துப் படிப்போர், சட்டத்தின் உரைகளை ஏனோ தீண்டுவதில்லை. இந்திரா காந்தி வழக்கில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 29-1-2018 அன்று வழங்கிய தீர்ப்பு, பிரிக்பீல்ட்ஸ் தமிழ் வகுப்பறைகளிலும் ஆராயத்தக்க பனுவலாகும். அங்கு வழக்காடப்பட்டது ஓர் ஒருமை பன்மைச் சிக்கலே.

ஈப்போவில் பாலர்பள்ளி ஆசிரியையாயிருந்த அவ்வம்மையாரின் கணவர், 2009-இல் இஸ்லாத்தைத் தழுவியபின், மூன்று பிள்ளைகளையும் தாயின் இசைவின்றி மதம் மாற்றிப் பதிந்தார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தம்முடன் கொண்டுசென்றார். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் சமயத்தை ‘பேரண்ட்’ அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார் என்பது அரசியலமைப்பின் 12(4)ஆம் விதி. அச்சொல் ஒருமை, ஆதலின் ஒருவர் இசைவே போதும் என 2007-இல் சுபாஷினி வழக்கில் அதே நீதிமன்றம் கருதியிருந்தது.

தமிழில் இம்மயக்கத்திற்கு இடமே இல்லை. ‘பெற்றோர்’ என்பது ரகர ஈற்றுப் பலர்பாற் சொல். ஒருவரைக் குறிக்க வேண்டின் தாய் என்றோ தந்தை என்றோ பிரித்தே சொல்லவேண்டும். ஆங்கிலத்திற்கு அவ்வசதி இல்லாமையால், ஒருமை பன்மையையும் அடக்கும் என்னும் பதினோராவது அட்டவணையின் விதியை நீதிபதிகள் நாடினர். இது மெல்லிய கிளை. தனியே நின்றால் முறிந்திருக்கும். தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைமேல் சம உரிமை உண்டு என்னும் காப்பாளர் சட்டத்தோடு அதனை இணைத்து நோக்கியதே தீர்ப்பின் வலிமை. ஒரு சூத்திரத்திற்கு நூல் முழுவதையும் கருதிப் பொருளுரைக்கும் நல்லுரையாசிரியர் முறையும் அதுவே.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜைனுன் அலி, அதனினும் அரியதொன்றைச் செய்தார். நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது என்னும் தொடர் 1988-இல் 121ஆம் விதியினின்று நீக்கப்பட்டிருந்தது. தொடர் போயினும் அதிகாரம் போகவில்லை என அவர் 2017-இல் செமினி ஜெயா நில வழக்கிலேயே நிறுவியிருந்தார். அதன் வழியே மதமாற்றப் பதிவாளரின் செயலும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றாயிற்று, சான்றிதழ்கள் செல்லாவாயின.

எனினும், ஒரு செயல் செல்லாது என்று அறிவித்தல் வேறு. அரசைச் செயற்பட வைத்தல் வேறு. இவ்வேறுபாட்டைத் தீர்ப்பைப் புகழ்வோர் பலர் எண்ணுவதில்லை. தந்தையைப் பிடிக்கும் ஆணையைப் போலீஸ் படைத்தலைவர் நிறைவேற்ற வேண்டுமெனக் கூட்டரசு நீதிமன்றம் 2016-இலேயே பணித்திருந்தது. இருந்தும் 2018-க்குப் பின்னும் ஆண்டுகள் பல கழிந்தன; அம்மகள் தாயிடம் சேர்க்கப்படவில்லை. ஆணை நிறைவேறாமை குறித்துத் தாய் தொடுத்த இழப்பீட்டு வழக்கைக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2024-இல் தள்ளுபடி செய்தது.