பாடிப் போகிறவரும் பிடித்து நிற்கிறவரும்

பர்கூரில் கபடிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வரும்: யாருடைய ஆட்டத்தைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது? பர்தீப் நர்வால், பவன் செராவத், அஜய் தாக்கூர், நவீன் குமார், அர்ஜுன் தேஷ்வால் என்று பதில்கள் வரும். வயதுக்கும் ஊருக்கும் தக்கபடி பெயர் மாறும். ஆனால் சொல்லப்படும் எல்லோரும் ரைடர்கள். பிடிக்கிறவர் ஒருவரின் பெயரை முதல் பதிலாகச் சொன்னவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கபடியை நாம் பார்க்கும் இந்தப் பழக்கத்தால் நல்லதும் நடந்திருக்கிறது, சேதமும் நடந்திருக்கிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் இருக்கும் இடமும் இதற்கு ஒரு காரணம். நெடுஞ்சாலையில் மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் பெங்களூரு. கிழக்கே அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போனால் சென்னை. ஜவுளிக் கடைகளிலும் கிரானைட் பட்டறைகளிலும் சிப்காட் ஆலைகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். தமிழ் தலைவாஸ் அணியும் பெங்களூரு புல்ஸ் அணியும் மோதும் இரவில் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும். அணிப் பற்று இப்படிப் பிரிந்து கிடக்கும் ஊரில் ஆள் பற்றுதான் ஓங்கி நிற்கிறது. பவன் பெங்களூருவுக்கு ஆடியபோது புல்ஸ் நம் அணி. அவர் 2022இல் தலைவாஸுக்கு வந்தபோது நம் அணியும் கூடவே சென்னைக்கு மாறியது.

ரைடரைப் பார்ப்பது இயல்பானது, அதில் தப்பில்லை. ஏழு பேர் நிற்கும் களத்துக்குள் ஒருவர் மூச்சடக்கிப் பாடிக்கொண்டு போகிறார். முப்பது விநாடிக்குள் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆட்டம் தெரியாத குழந்தைக்கும் எங்கே கண் வைக்க வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது இந்த இயல்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரைடில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் வெளியே. முன்னிலையில் இருக்கும் அணி நடுக்கோட்டோரம் நின்று நேரத்தைக் கரைக்கும் பழைய சலிப்பு இதனால் பெருமளவு ஒழிந்தது. ஊர்த் திடலில் மட்டும் இருந்த ஆட்டத்துக்கு வீட்டுக் கூடத்தில் இடம் கிடைத்தது. ஆட்டக்காரர்களுக்கு ஏலத்தில் கோடிகள் கிடைத்தன. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் ஆடிவந்த ஆட்டத்துக்கு இந்த மரியாதை கிடைத்ததை நான் சிறிதாக நினைக்கவில்லை.

அந்த மரியாதையை ரைடர்கள் உழைத்துத்தான் பெற்றார்கள். 2017 சீசனில் பர்தீப் எடுத்த ரைடு பாயிண்டுகள் 369. ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிரான எலிமினேட்டர் ஆட்டத்தில் மட்டும் 34. அதில் ஒரே ரைடில் களத்தில் இருந்த ஆறு பேரையும் தொட்டு, ஆல் அவுட்டோடு சேர்த்து எட்டுப் பாயிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பினார். கை கோத்து வரும் செயினுக்கு அடியில் தலையைக் கொடுத்து மறுபக்கம் எழும் அவருடைய டுப்கியை எத்தனை முறை பார்த்தாலும், அந்த உடம்பு எப்படி அந்த இடைவெளிக்குள் போனது என்பது பிடிபடுவதில்லை. ஆறாம் சீசன் இறுதிப் போட்டியில் குஜராத்துக்கு எதிராகப் பவன் 22 பாயிண்ட் எடுத்தார். பெங்களூரு 38-33 என்று வென்றது. ஒரு தனி மனிதர் ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வர முடியும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே பேச்சு ஓயாமல் நடக்கிறது. அங்கும் ஒருவர் பந்தை அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் அவரை மடக்கித் தரையில் சாய்க்கிறார்கள். பார்க்கப் பரவசம் தந்தவர்களின் பட்டியலில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பேரி சாண்டர்ஸ் பெயர் தவறாமல் வரும். பத்து சீசன்களில் 15,269 கெஜம் ஓடியவர். அந்தப் பத்து ஆண்டுகளில் அவருடைய அணி வென்ற பிளே ஆஃப் ஆட்டம் ஒன்றே ஒன்று. 1994 டிசம்பர் 31 அன்று கிரீன் பே அணிக்கு எதிரான பிளே ஆஃபில் பதின்மூன்று முறை பந்தோடு ஓடிய அவருக்குக் கிடைத்த மொத்தக் கணக்கு மைனஸ் ஒரு கெஜம். எதிரணியின் தடுப்பு வரிசை அவரை அசையவே விடவில்லை. அவர் ஆடிய லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குக் கடைசியாகப் போனது 1986இல், நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லருக்கு. பணமும் கேமராவும் நம்மைவிடப் பல மடங்கு அதிகமாக உள்ள ஊரிலும், மடக்குகிறவருக்குக் கிடைக்கும் வெளிச்சம் இவ்வளவுதான்.

பிடிக்கிறவர் செய்யும் வேலையை ஒரு முறை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இடது கார்னர் களத்தின் ஓரத்தில், லாபிக் கோட்டை ஒட்டி, முழங்காலை மடக்கி நிற்கிறார். ஒரு கை பக்கத்து ஆளின் கையில் கோத்திருக்கிறது. அவருடைய கண் ரைடரின் முகத்தில் இல்லை, கால் விரல்களில் இருக்கிறது. ரைடர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுகிறார். போனஸ் கிடைக்க வேண்டுமானால் கோட்டுக்கு அப்பால் ஒரு பாதம் ஊன்றும்போது மறு பாதம் அந்தரத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் பாயிண்ட் பிறக்கும் அந்த நொடியில் ரைடர் ஒற்றைக் காலில் நிற்கிறார். கார்னர் காத்திருந்தது அந்த நொடிக்குத்தான். கை கோத்ததை விட்டு, தரையோடு தரையாகப் பாய்ந்து, ஊன்றிய காலின் கணுவை இரண்டு கையாலும் பூட்டுகிறார். அரை நொடி முந்தினால் ரைடர் காலை இழுத்துக்கொண்டு அவரையே தொட்ட கணக்கில் வெளியேற்றுவார். அரை நொடி பிந்தினால் போனஸ் போய்விடும். பூட்டு விழுந்ததும் கவர் ஆட்டக்காரர் தோளால் மோதி மேல் உடம்பைச் சாய்க்க வேண்டும். அவர் வரவில்லை என்றால் கணுவைப் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். ஏழு பேருக்கும் ஒரே மூச்சில் ஒரே முடிவு வந்தால்தான் ஒரு பிடி. தொலைக்காட்சியின் மெது அசைவுக் காட்சி பெரும்பாலும் ரைடர் விழும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பிடிக்கு முந்தைய காத்திருப்பு வெட்டுப்பட்டுப் போகிறது.

இந்தக் காத்திருப்பை ஒரு வித்தையாகவே வளர்த்தவர் நம் தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். வலது கார்னர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து நான்காம் சீசன் கோப்பையை வாங்கினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் பாதி வயதுப் பையன்களோடு களத்தில் நின்றார். வேகம் குறைந்த உடம்பு ரைடர் இடத்தில் அவ்வளவு காலம் தாங்கியிருக்காது. பிடிக்கும் இடத்தில் நின்றதால், சேர்த்து வைத்த அறிவு கால்களுக்கு ஈடு கொடுத்தது. முதல் சீசனில் ஜெய்ப்பூரைக் கோப்பைக்குக் கொண்டுபோன பயிற்சியாளரும் தமிழர்தான், காசிநாதன் பாஸ்கரன். லீகின் தொடக்க வரலாற்றில் இவ்வளவு தமிழ்க் கை இருந்தும், நம் பிள்ளைகளிடம் சேரலாதன் யார் என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள். எனக்கு அது உண்மையாகவே வலிக்கிறது.

ரைடரைச் சுற்றியே அணி கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தலைவாஸின் கதையே போதும். 2017இல் அஜய் தாக்கூரைத் தலைவராக வைத்துத் தொடங்கினார்கள். அவர் இருநூறு ரைடு பாயிண்டுகளைத் தாண்டினார், அணி பிளே ஆஃபைத் தொடவில்லை. 2019இல் அவரோடு ராகுல் சௌத்ரியும் சேர்ந்தார். பெயர்ப் பலகை ஜொலித்தது, அணி பட்டியலின் அடியில் முடிந்தது. 2022 ஏலத்தில் பவனுக்கு 2.26 கோடி ரூபாய் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரைடரை மடக்கப் போன இடத்தில், பவனின் முழங்கால் போனது. சீசன் முழுக்க அவர் இல்லை. இந்த இடத்தில் அணி கலைந்திருக்க வேண்டும். மாறாக, சாகர், சாஹில், அபிஷேக் போன்ற இளம் பிடி வரிசை இறுகியது. பயிற்சிப் பொறுப்பு அஷன் குமார் கைக்கு வந்தது. பெயர் தெரியாத நரேந்தர் தன் முதல் சீசனிலேயே 243 ரைடு பாயிண்ட் குவித்தார். தலைவாஸ் முதல் முறையாகப் பிளே ஆஃபுக்குப் போய், அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே பாயிண்டில் தோற்றது. ஏலத்தில் வாங்கிய நட்சத்திரம் இல்லாத சீசன்தான் அந்த அணியின் அதுவரையிலான சிறந்த சீசன். நரேந்தரும் ரைடர்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அவர் அச்சமில்லாமல் பாடிப் போக முடிந்ததற்குக் காரணம், அவர் வெளியே உட்கார்ந்த நேரத்தில் பின்னால் நின்றவர்கள் ஒரு பிடி போட்டு அவரை உள்ளே கொண்டுவருவார்கள் என்ற தைரியம்.

தேசத்துக்கே விழுந்த அடி 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில். 1990இல் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து தங்கத்தை விட்டுக்கொடுக்காத இந்திய ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. அந்த அணியில் அஜய் தாக்கூர், பர்தீப், ராகுல், ரிஷாங்க் தேவாடிகா, மோனு கோயட் எல்லோரும் இருந்தார்கள். நாம் சிலிர்த்துப் பார்த்த ரைடர்கள் ஒட்டுமொத்தமாக இருந்தும் பதினெட்டே பாயிண்ட். ஈரான் நம் லீகில் ஆடிக் கற்றுக்கொண்டு போனது பிடியை.

லீகின் இறுதிப் போட்டிகளும் அதையே சொல்கின்றன. 2017 இறுதியின் ஸ்கோர் 55-38. பத்தாம் சீசனில் புனேரி வென்றது 28-25. அடுத்ததில் ஹரியானா 32-23. 2025இல் டெல்லி 31-28. இரு அணிகளும் சேர்த்து 93 பாயிண்ட் எடுத்த இடத்தில் இப்போது அறுபதைத் தொடுவதில்லை. கோப்பைக்கான ஆட்டத்தில் பிடி இறுகிக்கொண்டே வருகிறது. ஏலமும் கொஞ்சம் கண் திறந்திருக்கிறது: ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயிக்கு 2023இல் 2.35 கோடி கொடுத்தார்கள். பிடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு தொடை தட்டும் அவரைக் கேமராவும் விரும்புகிறது. சத்தமில்லாமல் பிடிக்கிறவருக்கு இன்னும் அந்த விலை இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது எங்கள் பக்கத்துத் திடல்களைப் பற்றி. பொங்கலை ஒட்டிக் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பகலில் எருது விடும் விழா, இரவில் கபடி. செம்மண்ணும் சரளையும் கலந்த தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடிய இடங்களில் இப்போது மேட் விரிக்கிறார்கள். நல்ல மாற்றம், முட்டி தப்பித்தது. ஆனால் மைக் பிடித்தவர் ரைடர் பெயரை மட்டும்தான் பாடுகிறார். கைப்பேசியில் படம் எடுக்கிறவர்கள் ரைடர் திரும்பி ஓடி வருவதை எடுக்கிறார்கள். 'கில்லி' முதல் 'பைசன்' வரை திரையிலும் நாயகன் பாடிப் போகிறவர்தான். இதையெல்லாம் பார்த்து வளரும் பையன் கார்னரில் நிற்கச் சொன்னால் தண்டனை போல முகம் சுளிக்கிறான். கட்டையான உடம்பும் பொறுமையும் உள்ள பையன், கார்னருக்கென்றே பிறந்தவன், ரைடராக முயன்று தோற்று இரண்டு வருடத்தில் ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். ரயில்வேயிலும் காவல்துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கனவு. அதற்கு இருக்கும் ஒரு வழியை அவர்களே மூடிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். ஆண்கள் லீகை ஒட்டி 2016இல் மூன்று அணிகளோடு ஒரு சீசன் நடத்திவிட்டு அதோடு நிறுத்திவிட்டார்கள். பார்த்துப் பழக அவர்களுக்கு ரைடரும் இல்லை, கார்னரும் இல்லை.

கணக்கு முறையிலும் சாய்வு இருக்கிறது. ஒரு ரைடில் மூன்று, நான்கு, சில சமயம் எட்டு பாயிண்ட் வரும். ஏழு பேர் சேர்ந்து போட்ட பிடிக்கு ஒன்று. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்தால்தான் இரண்டு. பிடிக்குக் கூடுதல் பாயிண்ட் கொடுத்தால் ரைடர்கள் பயந்து மீண்டும் நடுக்கோட்டோரம் நிற்பார்கள் என்பது நியாயமான அச்சம். ஆகவே விதியில் கை வைக்கச் சொல்ல மாட்டேன். மைக்கிலும் பரிசிலும் கை வைக்கலாம். ஊர்ப் போட்டிகளில் சிறந்த ரைடர், சிறந்த கேட்சர் என்று இரண்டு கோப்பை கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் ஏற்கெனவே உண்டு. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், ரொக்கமும் ஒன்றாக இருக்கட்டும். வர்ணனை செய்கிறவர் பிடி விழுந்ததும் முதலில் கணுவைப் பூட்டியவர் பெயரைச் சொல்லட்டும், பிறகு மோதிச் சாய்த்தவர் பெயரை.

யாரைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்கும் பையன்களுக்கு நான் காட்டுவது 2017 இறுதிப் போட்டியை. சென்னை நேரு உள்ளரங்கில் நடந்தது. ஒரு பக்கம் பாட்னாவின் பர்தீப். எதிரே குஜராத்தின் இரண்டு ஈரானியக் கார்னர்கள்: இடப்பக்கம் ஃபசல் அத்ராசலி, வலப்பக்கம் அபோசர் மிகானி. பாட்னா வென்றது, பர்தீப் 19 பாயிண்ட் எடுத்தார். முதல் முறை பர்தீப்பை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை ஓட்டும்போது அவர் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் ஃபசலின் கால் எங்கே நகர்கிறது, அபோசர் எப்போது கையை விடுகிறார் என்று பாருங்கள். அந்த 19 பாயிண்ட் எவ்வளவு கடினமாகக் கிடைத்தது என்பது அப்போதுதான் தெரியும்.