பரிசு வாங்கிய எஞ்சினும் பார்க்காமல் விட்ட எண்ணெயும்

எங்கள் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் தொழில்நுட்ப விழாவில் அண்மையில் முதல் பரிசு வாங்கியது ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கூரையை அறுத்து இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக மாற்றியிருந்தார்கள். பின் இருக்கை இருந்த இடத்தில் இரட்டை சிலிண்டர் பைக் எஞ்சின். அங்கிருந்து செயின் போட்டுப் பின் அச்சுக்கு ஓட்டம். விருதுநகரிலும் சிவகாசியிலும் காரில் பைக் எஞ்சின் வைக்கும் இந்த மோகம் பரவி வருகிறது. வீடியோவில் சத்தத்தைக் கேட்டுவிட்டு லேத் பட்டறைக்கு வந்து நிற்கும் பையன்கள் பலர். நடுவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று: எடை குறைவு, திறன் அதிகம், எல்லாமே உள்ளூர்க் கைவேலை.

மூன்றும் உண்மைதான். பைக் எஞ்சினில் கிளட்சும் கியர்பாக்ஸும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ஒரே கட்டாகத் தூக்கி வைக்கலாம். கியர் மாற்றம் சட்டென்று விழும். கைவேலையில் எங்கள் ஊரைக் குறை சொல்ல ஆளில்லை. ஆப்செட் மெஷினுக்குக் கிடைக்காத உதிரியை ஒரே இரவில் கடைந்து கொடுக்கிற பட்டறைகள் சிவகாசியில் இருக்கின்றன. கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் மாணவர்கள் பைக் எஞ்சின் வைத்த கார்களை ஓட்டுகிறார்கள். அங்கே 710 சிசிக்கு மேல் எஞ்சின் கூடாது. பெட்ரோல் எஞ்சின் என்றால் உள்ளே போகும் காற்றெல்லாம் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். சோதனை, கேள்வி, மதிப்பெண் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் வண்டி தடத்துக்கு வரும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

திறன் பற்றிய பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பழைய கேடிஎம் 390 எஞ்சின் சுமார் 43 குதிரைத்திறன் தந்தது. மாருதி 800 தந்தது 37. தாளில் பைக் ஜெயித்துவிட்டது. ஆனால் மாருதியின் 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 2,500 சுற்றிலேயே கிடைத்துவிடும். கேடிஎம்மின் 37 கிடைக்க 7,000 சுற்று வேண்டும். ஆளோடு சேர்த்து 250 கிலோவை இழுக்கப் பிறந்த எஞ்சினை 800 கிலோவை இழுக்கச் சொன்னால், சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பிளேட் தேய்ந்துதான் வண்டி நகரும். ரிவர்ஸ் கியரும் கிடையாது. சிவகாசித் தெருவில் எதிரே லாரி வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், அல்லது அதற்கென்று தனி மோட்டார் வைக்க வேண்டும். இவையெல்லாம் செலவு செய்தால் தீரும் குறைகள்.

நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது வேறொன்று: எண்ணெய்.

பைக் வளைவில் சாய்கிறது. புவியீர்ப்பும் வளைவின் விசையும் சேர்ந்து எந்தத் திசையில் அழுத்துகின்றனவோ, அந்தத் திசைக்கே வண்டியும் சாய்ந்துகொள்கிறது. அதனால் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு வளைவு என்ற ஒன்றே தெரியாது. அது எப்போதும் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் அடியில், பம்ப்பின் உறிஞ்சுவாய் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். அந்த நம்பிக்கையில்தான் பைக் எஞ்சினின் சம்ப்பையே வடிவமைக்கிறார்கள். கார் சாயாது. புவியீர்ப்பில் 70 விழுக்காடு அளவுக்குப் பக்கவாட்டு விசை வந்தால், சம்ப்பில் எண்ணெயின் மேற்பரப்பு 35 பாகை சரிந்து ஒரு சுவரோரமாக ஏறிக்கொள்ளும். நல்ல டயர் போட்ட எந்தக் காரும் தொடக்கூடிய விசைதான் அது. உறிஞ்சுவாய் வெளியே தெரியும். பம்ப் எண்ணெயோடு காற்றையும் இழுக்கும். பிக் எண்ட் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். 8,000 சுற்றில் ஓடும்போது அந்தப் படலம் அறுந்தால் இரும்பு பேரிங்கைத் தின்னத் தொடங்கிவிடும்.

அப்படிப் பேரிங் போன எஞ்சின் ஒன்றைப் பட்டறையில் பிரித்துப் போட்டிருந்தார்கள். பேரிங் ஷெல்லின் வெள்ளைப் பூச்சு முழுதாகத் துடைபட்டுப் போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. ஒரு விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. கிராங்கில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடுகள். எண்ணெய் குறைவாக வைத்து ஓட்டினார்களா என்று கேட்டேன். வடித்து அளந்து பார்த்ததாகவும், ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்றும் மெக்கானிக் அண்ணாச்சி சொன்னார். எண்ணெய் அளவாக இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை. விருதுநகரிலிருந்து சாத்தூருக்கு நான்கு வழிச் சாலையில் நேராக ஓட்டும்வரை இந்தக் குறை வெளியே வராது. பாலத்தின் கீழ் வட்டமடித்துத் திரும்பும் அந்தச் சில விநாடிகளில் வரும். எண்ணெய் எச்சரிக்கை விளக்கு ஒரு கணம் மினுங்கி அணையும். ஓட்டுகிறவன் கவனிக்க மாட்டான்.

எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் வளைவின் விசை முன்பின்னாக மாறிவிடும், பைக்கும் பிரேக் பிடிக்கிறதே என்று பதில் சொல்கிறார்கள். பிரேக்கின் விசை சில நொடியில் முடியும். நீண்ட வளைவின் விசை முடிவதில்லை. தவிர, திருப்பி வைத்த எஞ்சினில் பிரேக் விசை பக்கவாட்டில் போய் விழும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைப்பது பாதி மருந்து. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்துத் தனிப் பம்ப்பால் இழுப்பதுதான் முழு மருந்து. பரிசு வாங்கிய ஹெரால்டில் இரண்டும் இல்லை. எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர்கூட இல்லை. மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பீக்கர் இருந்தது.

இந்தப் பழக்கத்தைக் காப்பாற்ற வருகிறவர்கள் எல்லோரும் கூப்பர் பெயரைச் சொல்கிறார்கள். 1946இல் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் ஃபியட் காரின் முன்பாகங்கள் இரண்டை ஒட்டவைத்து, நடுவில் 500 சிசி ஜேஏபி பைக் எஞ்சினை வைத்தார்கள். ஸ்டிர்லிங் மாஸ் 1948இல் அந்த வகைக் காரில்தான் பந்தயம் ஓட்டத் தொடங்கினார். வரலாறு சரி. ஆனால் அந்த எஞ்சினுக்கு எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து போயிற்று. அடியில் சம்ப்பில் தேங்கி நிற்கவில்லை. நான் சொல்லும் குறை கூப்பரிடம் இல்லவே இல்லை. ஹோண்டாவைப் பாருங்கள். பைக் செய்தே பெரிதான அந்தக் கம்பெனி 1963இல் எஸ்500 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது, கையிலிருந்த பைக் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைக்கவில்லை. தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் காருக்கென்றே செய்தது. பைக்கிலிருந்து பின்சக்கரச் செயினை எடுத்துக்கொண்டது. கோவை கரிவர்தன் 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதியைக் கட்டியபோது மாருதி 800இன் கார் எஞ்சினைத்தான் வைத்தார். அவரவர் தெரிந்தே செய்தார்கள்.

இனி, ‘ஒரு வருஷமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதம். இதை வேறு ஊர்க்காரர் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். சிவகாசி வட்டாரத்துக்காரர் சொல்லக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்துக்கு முந்தின நாள்வரை அங்கேயும் ஒன்றும் ஆகவில்லை. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று விதி எழுதி ஒட்டியிருக்கும் ஊர் இது. நேற்று நடக்கவில்லை என்பது இன்றைக்குப் பாதுகாப்பு ஆகாது என்பதை உயிர் கொடுத்துப் படித்த ஊர். ஓடும் காரில் எஞ்சின் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிய திறந்த கார் தன் பாதையில் நிற்காது. எதிரே பட்டாசு ஆலையில் வேலை முடிந்து ஆட்களை ஏற்றி வரும் வேன் இருக்கலாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பதிவுப் புத்தகத்தில் ஒரு எஞ்சின், வண்டியில் வேறொரு எஞ்சின் என்றால் விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதைப் பரிசு வாங்கிய பையனின் அப்பாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் பையன்களின் கையில் திறமை இருக்கிறது. அதைச் சத்தத்துக்கும் பளபளப்புக்கும் மதிப்பெண் போட்டு வீணாக்குவது ஆசிரியர்களும் நடுவர்களும்தான். அடுத்த விழாவில் வண்டியை மைதானத்தில் 15 மீட்டர் வட்டத்தில் இரண்டு பக்கமும் சுற்றவிடுங்கள். சுற்றும்போது எண்ணெய் அழுத்தத்தைப் பதிவு செய்து தாளில் கேளுங்கள். அந்தக் கோடு விழாமல் நிற்கிற வண்டிக்குப் பரிசைக் கொடுங்கள். தாள் இல்லாமல் வருகிற வண்டியைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புங்கள்.