ஆறேகால் சென்ட்டுக்கு என்ன குத்தகை?

இங்கிலாந்தில் காய்கறி பயிரிட விரும்புவோருக்குக் கவுன்சில்கள் குத்தகைக்கு விடும் நிலத்துண்டின் பெயர் அலாட்மென்ட். வழக்கமான முழுத்துண்டு பத்து சதுர ராடு, அதாவது ஆறேகால் சென்ட். மக்கள் கேட்டால் நிலம் ஒதுக்கித் தரும் கடமையை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்கள்மீது சுமத்தியது. அந்த நிலத்துக்கு எவ்வளவு வாங்குவது நியாயம் என்ற வழக்கு மட்டும் இன்றுவரை ஓயவில்லை.

1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அளவுகோலைத் தருகிறது. அலாட்மென்ட்டுக்கென விடப்படும் நிலத்துக்குக் குத்தகைதாரர் ஒருவர் நியாயமாக எவ்வளவு கொடுப்பார் என்று எதிர்பார்க்கலாமோ, அதுவே குத்தகை. இதில் ஒரு நன்மை உண்டு. காய்கறி நிலத்துக்கு வீட்டுமனை விலையைக் கணக்கிட முடியாது. ஆனால் குறையும் பெரிது. எது நியாயம் என்பதை அக்கம்பக்கத்துக் குத்தகையைப் பார்த்தே தீர்மானிக்கிறோம். அக்கம்பக்கத்தாரும் நம்மைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். ஒரு கவுன்சில் ஏற்றினால் அதுவே அடுத்த கவுன்சிலுக்குச் சான்றாகிவிடும்.

1981-இல் ரைகேட்–பான்ஸ்டெட் கவுன்சிலுக்கு எதிரான ஹார்வுட் வழக்கு இன்னோர் அளவுகோலைச் சேர்த்தது: கவுன்சில் நடத்தும் மற்றப் பொழுதுபோக்கு வசதிகளோடு ஒப்பிட்டே குத்தகையை உயர்த்த வேண்டும். தோட்டக்காரரை மட்டும் தனியே பிடித்துக் கசக்கக் கூடாது என்ற அளவில் இது சரியான தீர்ப்பு. ஆனாலும் நீச்சல்குளத்துக்கு வருபவர் துண்டோடு வந்து துண்டோடு போகிறார். தண்ணீரைச் சுத்தம் செய்வது கவுன்சில் ஊழியர். அலாட்மென்ட்டிலோ வேரோடிய புல்லைக் கிளறி எடுப்பவரும், எருவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுபவரும், நடைபாதை ஓரத்தைச் செதுக்குபவரும் குத்தகைதாரரே. ஆகவே ஒப்பிட வேண்டியது கட்டணத்தை அல்ல. செலவில் கவுன்சில் எத்தனை பங்கைத் தாங்குகிறது என்பதை.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. 1983-ஆம் ஆண்டுச் சிறுதோட்டச் சட்டம், வணிகக் காய்கனி சாகுபடிக்கு அந்தப் பகுதியில் நிலவும் குத்தகையோடு சிறுதோட்டக் குத்தகையைக் கட்டிவைத்தது. முதலில் உச்சவரம்பு இரண்டு மடங்கு. அது தனியார் நில உரிமையாளர்களை அளவுமீறிக் கட்டுப்படுத்துகிறது என்று 1992-இல் அரசியல்சாசன நீதிமன்றம் கூற, 1994-இல் நான்கு மடங்கானது. பாதை, வேலி ஆகியவற்றுக்கு உரிமையாளர் செய்த செலவைத் தனியே கேட்டுப் பெறலாம். இந்த முறையின் சிறப்பு இந்தப் பிரிவினைதான். நிலத்துக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. இங்கிலாந்திலோ இரண்டும் ஒரே தொகைக்குள் கரைந்துபோகின்றன.

அலாட்மென்ட் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்ற வாதம் இந்தக் கலப்பில்தான் வலுப்பெறுகிறது. எந்தச் செலவை? தொட்டிக்கு வரும் தண்ணீர், வேலிப் பழுது, குப்பை அகற்றல் ஆகியவை ஆண்டுச் செலவு. அதில் பங்கு கேட்பது முறை. ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டு இடிந்த சுற்றுச்சுவரைக் கட்டுவது நில உரிமையாளரின் பொறுப்பு. சுவர் கவுன்சிலின் சொத்து. குத்தகை முடிந்து போகும்போது தோட்டக்காரர் அதை எடுத்துச் செல்லப் போவதில்லை.

காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பதால் குத்தகையை ஏற்றலாம் என்பது இன்னொரு வாதம். இதை ஏற்க முடியாது. ஏற்றினால் பட்டியல் குறையும்; குறைவது முதலில் ஓய்வூதியக்காரரும் கூலித் தொழிலாளியுமாகவே இருக்கும். உழைக்கும் ஏழைகளுக்காகவே தோன்றிய ஏற்பாட்டுக்கு இது முரண். தரிசாகக் கிடக்கும் துண்டை விதிப்படி மீட்பதும், முழுத்துண்டைப் பாதியாகப் பிரித்துக் கொடுப்பதுமே பட்டியலைக் குறைக்கும் முறையான வழிகள்.

என் முடிவு இது. நிலத்துக்கான பகுதி, அருகிலுள்ள விளைநிலக் குத்தகையை ஒட்டிய உச்சவரம்புக்குள் நிற்க வேண்டும். அலாட்மென்ட்டுக்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி விற்க 1925-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கும்போது, அதன் சந்தை விலையைக் காட்டிக் குத்தகை கேட்பதற்கு அடிப்படை இல்லை. பராமரிப்புக்கான பகுதி உண்மையான ஆண்டுச் செலவாக இருக்க வேண்டும். மற்ற வசதிகளில் ஏற்கும் அதே விகிதப் பங்கைக் கவுன்சில் இதிலும் ஏற்க வேண்டும். வசதியற்றவருக்குச் சலுகை தர 1950-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது; அதைக் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டும். இவ்விரண்டு பகுதிகளின் கணக்கையும் குத்தகைதாரர் முன் வைக்காத எந்தக் கவுன்சிலின் உயர்வும், தொகை எவ்வளவு சிறிதானாலும், நியாயமான குத்தகை ஆகாது.