நினைவுக்கு மூலிகை: நான்கு மரபுகளும் அவற்றின் அளவுகோல்களும்

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நாட்டு மருந்துக் கடைகளில் பெற்றோர் அதிகம் கேட்கும் சரக்கு எது என்று விசாரித்தால் பதில் எளிதில் கிடைக்கும். வல்லாரைப் பொடி, பிரமி மாத்திரை, சங்குபுஷ்பி பாகு. பிள்ளை படித்தது மனத்தில் நிற்க வேண்டும், கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்ற ஆவல் நியாயமானதே. இந்த ஆவலுக்கு விடை தேடி நம் நாட்டு மருத்துவம் நெடுங்காலமாக உழைத்திருக்கிறது. ஆயினும் அந்த உழைப்பின் விளைவு ஒரே மருந்தாகவோ ஒரே கொள்கையாகவோ நம்மிடம் வந்து சேரவில்லை. ஆயுர்வேத நூல் மரபு, கேரள நெய் மரபு, சித்த மரபு, அடுப்படி மரபு என நான்கு வழிகளில் வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஆய்வகமும் ஐந்தாவதாகச் சேர்ந்துகொண்டது. மூலிகையின் பெயர் மட்டும் எவரையும் காப்பாற்றாது. சரியான செடி, சரியான பக்குவம், சரியான ஆள் ஆகிய மூன்றும் கூடினால்தான் அது மருந்து. நான்கு மரபுகளும் வெவ்வேறு வழியில் வந்து ஒருமித்து நிற்கும் இடம் இதுதான்.

சரகர் வகுத்த நால்வகை

ஆயுர்வேத நூல்களில் அறிவுக்கு உரம் தரும் மருந்துகளுக்கு மேத்திய ரசாயனம் என்று பெயர். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி, முதல் அதிகாரத்திலேயே இவற்றை நான்காக வகுக்கிறது. வல்லாரையின் பச்சைச் சாறு, பாலுடன் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்குபுஷ்பியை அரைத்த கற்கம். நான்கிலும் சங்குபுஷ்பிக்கே சிறப்பிடம் தருகிறது அந்நூல்.

ஒரே பொருளை நான்கு விதமாக விற்கும் பட்டியல் அல்ல இது. சாறு, பொடி, கற்கம் என்று வடிவம் மாறுகிறது. பால் போன்ற அனுபானம் மாறுகிறது. உண்பவரின் செரிமான வலிமையைப் பார்த்தே கொடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அறிவை இம்மரபு மூன்று ஆற்றல்களாகப் பிரித்துப் பார்க்கிறது: புரிந்துகொள்ளும் தீ, மனத்தை நிலைநிறுத்தும் திருதி, நினைவுகூரும் ஸ்மிருதி. இன்று நாம் ‘கவனம்’ என்று சொல்வது பெரும்பாலும் இவற்றுள் நடுவில் உள்ளதே. மனம் நிலைகொள்ளாதவனுக்கு நினைவு மருந்து கொடுத்துப் பயனில்லை என்ற தெளிவு இந்தப் பகுப்பிலேயே இருக்கிறது.

கேரளத்து நெய்

அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலை உயிராகப் போற்றிய கேரள வைத்தியர்கள் நினைவு மருந்தை நெய்யில் ஏற்றினார்கள். பிராம்மி கிருதம், இருபத்தெட்டுச் சரக்குகள் சேரும் கல்யாணக கிருதம் இரண்டும் அங்கே இன்றும் வழக்கில் உள்ளவை. 1902ஆம் ஆண்டு பி. எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை போன்ற நிறுவனங்கள் இம்மருந்துகளை வீட்டு உரலிலிருந்து புட்டிக்குக் கொண்டுவந்தன.

இந்த மரபின் அளவுகோல் பதம். நெய் காயும்போது நுரை அடங்க வேண்டும். கற்கத்தை விரலில் திரித்தால் திரியாக வர வேண்டும். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் சடசடக்கக் கூடாது. சடசடத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்; ஈரம் நின்ற நெய் விரைவில் கெடும். பதம் தப்பிக் கருகினாலோ மருந்துச் சத்தும் நெய்யும் சேர்ந்தே வீணாகும். தேர்ந்த கை இல்லாமல் இந்த மரபு இல்லை.

நொதிக்கவைத்துச் செய்யும் சாரஸ்வதாரிஷ்டமும் நினைவுக்கென்றே பெயர் பெற்றது. அரிஷ்டங்களில் தானே ஊறி உண்டாகும் சாராயச் சத்து சிறிதளவு இருக்கும். ஆகையால் குழந்தைகளுக்கு அதை வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

சித்தர் வழி

சித்த மருத்துவம் நோயாளியிடமிருந்து தொடங்குகிறது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வு முடிந்த பிறகே மருந்து. ‘எனக்கு மறதி’ என்று வந்தவருக்குத் தூக்கமின்மைதான் நோய் என்று தெரிந்தால் மருந்தும் அதற்கேற்ப மாறும்.

இம்மரபின் புகழ்பெற்ற அமுக்கராச் சூரணத்தின் அமைப்பைப் பாருங்கள். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முந்தியதன் இருமடங்கு. எழுதுகோல் இல்லாமலே தலைமுறைகளுக்குக் கடத்தக்கூடிய கணக்கு இது. அமுக்கராக் கிழங்கை அப்படியே இடிப்பதில்லை. பாலில் பிட்டவித்து, உலர்த்தி, பிறகே இடித்துத் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்வார்கள். உடல் தளர்ச்சியும் மன அலைச்சலும் சேர்ந்து கவனத்தைக் கெடுக்கும் இடத்தில் இதைக் கொடுப்பது வழக்கம்.

மருந்தின் ஆயுளையும் சித்தர்கள் வரையறுத்திருக்கிறார்கள். சாறும் கற்கமும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் 3 மாதம். நெய்யும் இளகமும் 6 மாதம். வல்லாரைச் சாற்றை ஒரு சாமத்துக்குள் குடிக்க வேண்டும் என்று சொன்ன மரபின் பெயரில், பல ஆண்டு அலமாரியில் கிடந்த பொடியை விற்பது அந்த மரபுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

வசம்பு இன்னொரு பாடம். பேர் சொல்லா மருந்து என்றும் பிள்ளை வளர்ப்பான் என்றும் வீடுகளில் வழங்கும் இதைச் சுட்டுக் கரியாக்கித்தான் உரைத்துக் கொடுத்தார்கள். இதன் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றை உண்டாக்கியது தெரிந்து, அமெரிக்கா 1968இல் உணவில் வசம்பைத் தடை செய்தது. பழைய சுத்திமுறையின் தேவையை இன்றைய வேதியியலும் வேறு மொழியில் சொல்கிறது. ஆகவே வசம்பைப் பச்சையாகப் பொடித்து ‘பேச்சு வரும், புத்தி வரும்’ என்று குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பதைக் கைவிடுவதே நல்லது.

அடுப்படி மரபு

நான்காவது மரபுக்கு நூல் கிடையாது. வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் படரும் வல்லாரையைப் பறித்துத் துவையல் அரைப்பதும், பருப்புடன் கடைவதும் நம் வீடுகளின் வழக்கம். யாழ்ப்பாணத்து வீடுகளில் பச்சை வல்லாரையைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சம்புளியுடன் சம்பலாகப் பிசைவார்கள். சிங்களவர் கொட்டுகொல என்று அழைத்து அதையே இலைக்கஞ்சியாகவும் காய்ச்சுகிறார்கள்.

இங்கே வல்லாரை மருந்தாக வருவதில்லை, கீரையாக வருகிறது. அளவு தானே அடங்கிவிடுகிறது. வாரத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் யாரும் உண்பதில்லை. நான்கு மரபுகளிலும் ஆபத்துக் குறைந்தது இதுவே என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஒரு நிபந்தனை: பறிக்கும் இடம். வல்லாரையும் நீர்ப்பிரமியும் தாம் வளரும் நீரிலும் மண்ணிலும் உள்ள கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையவை. சாக்கடை ஓரத்திலும் ஆலைக் கழிவு கலக்கும் ஓடையிலும் பறித்த கீரை, கீரை அல்ல. தொட்டியில் வளர்த்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

ஆய்வகம் சொன்னது

மரபு சொன்னதை அளந்து பார்க்கும் முயற்சியில் இந்தியாவில் முன்னின்றது லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம். நீர்ப்பிரமியிலுள்ள பாக்கோசைடு என்ற சத்துகளை அங்குள்ள விஞ்ஞானிகள் பிரித்து ஆராய்ந்தனர். பின்னர் ஆஸ்திரேலியாவில் மனிதரிடம் சோதனைகள் நடந்தன. 2001இல் வெளியான ஆய்வில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாரம் உண்ட நலமான பெரியவர்கள், 12 வாரங்களுக்குப் பிறகு கற்கும் வேகத்திலும் நினைவில் பதிப்பதிலும் முன்னேற்றம் காட்டினர். 2002இல் வெளியான இன்னோர் ஆய்வு 40 முதல் 65 வயதுக்குட்பட்ட 76 பேரிடம் 3 மாதம் நடந்தது. புதிதாகக் கற்றது மறந்துபோகும் வேகம் குறைந்தது என்றது.

இவற்றைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். சோதனைகள் சிறியவை. பங்கேற்றவர்கள் பெரியவர்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அல்லர். பலன் தெரிய 3 மாதம் ஆனது. தேர்வுக்கு முந்தைய வாரம் வாங்கும் மாத்திரைக்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதரவும் இல்லை. வயிற்றுக் கலக்கமும் பேதியும் சிலருக்கு வந்ததையும் இத்தகைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

மேலை நாடுகளில் பெரும்புகழ் பெற்ற கிங்கோ இலைச் சாரத்தின் கதையும் நமக்குப் பாடம். ஜெர்மானியர் அதன் சத்துகளை 24 விழுக்காடு ஃபிளேவோன் கிளைகோசைடு, 6 விழுக்காடு டெர்பீன் லாக்டோன் என்று தரப்படுத்தினார்கள். தரத்தில் குறையில்லை. ஆயினும் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வு, அது மறதிநோயைத் தடுக்கவில்லை என்று முடித்தது. தரப்படுத்துவது முதல் படி. பலனை நிறுவுவது தனிப் படி. நம் மூலிகைகளும் இந்த இரண்டாம் படியை நேர்மையாக ஏறியாக வேண்டும்.

அளவுகோல்கள்

முதல் அளவுகோல் செடியின் அடையாளம். வட இந்தியாவில் பலர் வல்லாரையையே பிராமி என்று வழங்குகிறார்கள். தெற்கே பிரமி என்பது நீர்ப்பிரமி. சங்குபுஷ்பி என்ற பெயரில் வடக்கே ஒரு செடியும் கேரளத்தில் நம் காக்கணமும் வழங்குகின்றன; விஷ்ணுகிரந்தியும் சில இடங்களில் அதே பெயரில் கடைக்கு வருகிறது. இவை வெவ்வேறு செடிகள், வெவ்வேறு சத்துகள். தாவரவியல் பெயர் அச்சிடாத புட்டியில் இருப்பது எது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டாவது, செடியின் பகுதி. அமுக்கராவில் மரபு சொன்னது கிழங்கு. விலை மலிவு என்பதால் இலையைச் சேர்க்கும் வழக்கம் பரவவே, 2021இல் ஆயுஷ் அமைச்சகம் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

மூன்றாவது, தூய்மை. இந்திய மருந்தியல் தொகுப்புகள் மூலிகைப் பொருளில் ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என வரம்பு கட்டியுள்ளன. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் கன உலோகம் இருந்ததாக 2004இல் வந்த ஆய்வு நம் மருத்துவத்தின் நற்பெயரை உலுக்கியது. நல்ல தயாரிப்பு முறைகளுக்கான ‘டி’ அட்டவணை 2000இலேயே வந்துவிட்டது. விதி இருக்கிறது, அதைக் கடைப்பிடிக்கும் மனம்தான் எல்லாரிடமும் வேண்டும்.

நான்காவது, உண்பவர் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள். வலிப்புக்கு ஃபெனிடோயின் எடுப்பவர் சங்குபுஷ்பி சேர்ந்த பாகு உண்டால் இரத்தத்தில் ஃபெனிடோயின் அளவு குறையக்கூடும் என்று இந்திய ஆய்வாளர்கள் 1992இல் எழுதினார்கள். அதிமதுரம் நாள்பட உண்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். அமுக்கராவாலும் சீந்திலாலும் கல்லீரல் பாதிப்பு நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ‘இயற்கை, ஆகவே தீங்கில்லை’ என்று எந்தச் சித்தரும் சொல்லவில்லை. சுத்தி முறைகளை அவர்கள் எழுதிவைத்ததே தீங்கு உண்டு என்று அறிந்ததால்தான்.

ஐந்தாவது, வாக்குறுதி. மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை, மருந்துகள் உரிமை கொண்டாடக் கூடாதவற்றின் வரிசையில் மூளைத்திறனைக் கூட்டுவதையும் நினைவாற்றலை மேம்படுத்துவதையும் வைத்திருக்கிறது. அந்த அடக்கம் எல்லா முறையாருக்கும் பொருந்த வேண்டும்.

பெற்றோருக்கும் வைத்தியருக்கும்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்குக் கவனம் சிதறுவது இயல்பு. அவளுக்கு வேண்டியது பிரமி அல்ல, இரும்பு. தைராய்டு குறையும் பி12 குறையும் பார்வைக் குறையும் இதுபோலவே மறதியாகவும் மந்தமாகவும் முகம் காட்டும். நள்ளிரவு வரை கைப்பேசி பார்த்த கண்ணுக்கு எந்த நெய்யும் தூக்கத்தைத் திருப்பித் தராது.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முதலில் தூக்கம், அடுத்து உணவு, அடுத்து மருத்துவரிடம் ஒரு பரிசோதனை. அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போய், எடுக்கும் மருந்துகளையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் எழுதிக் கொடுப்பதை வாங்குங்கள். உரிம எண், தாவரவியல் பெயர், செடியின் பகுதி, தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகிய ஐந்தும் இல்லாத புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மருந்து செய்யும் வைத்தியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் முன்னோர் பதம் பார்த்தார்கள், சாமம் கணக்கிட்டார்கள், சுத்தி செய்யாமல் எதையும் கையில் தரவில்லை. அந்தக் கண்டிப்பே இந்த மரபின் உண்மையான சொத்து. அதை விளம்பரத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.