கற்பனை நகரமும் சமூக உறவுகளும்

மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சினாலும் பகடையினாலும் கதையை வளர்க்கும் விளையாட்டு, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ மூலம் பரவலாயிற்று. அதற்குக் களமாகும் கற்பனை நகரங்களை விவரிக்கும் கையேடுகள் இன்று தனியொரு எழுத்துவகையாகியுள்ளன. இவற்றை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. இல்லாத நகரைப் படைப்போர், நகரம் பற்றித் தாம் கொண்டுள்ள சமூகநோக்கையே அங்கு வெளிப்படுத்துகின்றனர்.

1976இல் ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் வெளியிட்ட ‘சிற்றி ஸ்ரேற் ஒவ் த இன்வின்சிபிள் ஓவர்லோட்’ இவ்வகையின் முன்னோடி. விரிவான வரைபடமும், தெருவாரியாகக் கடைகளையும் ஆட்களையும் கூறும் பட்டியலும் அதன் பலம். ஆனால் கடையிலுள்ள பண்டம் யாருடைய உழைப்பால் விளைந்தது என்ற வினாவைப் பட்டியல் வடிவம் எழுப்புவதில்லை.

கீத் பேக்கரும் ஜேம்ஸ் வயற்றும் எழுதிய ‘ஷார்ன்’ (2004) ஒருபடி முன்னேற்றமாகும். அங்கு கோபுரங்களின் உச்சியில் செல்வரும் கீழ்த்தளங்களில் வறியோரும் வாழ்கின்றனர். அவற்றுக்கும் அடியில் வார்ப்பாலைகள் இயங்குகின்றன. வர்க்க அடுக்கு கட்டட அமைப்பிலேயே புலப்படுகிறது. எனினும் அது பெரிதும் காட்சியாகவே நிற்கிறது.

ஜோன் ஹாப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ (2017) படைத்த டொஸ்க்வோல் நகருக்குப் பொருளாதார அடித்தளம் உண்டு. நகரைக் காக்கும் மின்னல் வேலி, கடலில் வேட்டையாடப்படும் இராட்சத உயிரிகளின் குருதியிலிருந்து பெறும் ஆற்றலால் இயங்குகிறது. எனவே வேட்டைக் கப்பல்கள் யார் கையிலுள்ளன என்பது அதிகாரப் பிரச்சினையாகிறது. ஒவ்வொரு குழுவின் திட்டமும் எவ்வளவு முன்னேறியுள்ளது என்பதைக் கூறுகளாகப் பிரித்த வட்டங்கள் காட்டுகின்றன. ஆடுவோர் வாளாவிருந்தாலும் நகரம் மாறுகிறது.

எனினும் இதற்கும் ஓர் எல்லையுண்டு. துறைமுகத் தொழிலாளரும் கொள்ளைக் கும்பலும் ஒரே தரவரிசைப் பட்டியலில் வெவ்வேறு குழுக்களாக நிறுத்தப்படுகின்றனர். வர்க்கம் குழுவாகச் சுருங்குகிறது. ஆடுவோரும் குற்றக் குழுவினராகவே, உதிரிப் பாட்டாளிகளாகவே, நகரினுள் நுழைகின்றனர். அவர்கள் கப்பலைக் கொள்ளையிடலாம். கப்பலில் உழைப்போரை ஒன்றுதிரட்டுவதற்கு ஆட்டவிதிகள் தரும் வழி மிகக் குறைவு.

ஆகவே சிறந்த நகரக் கையேட்டைப் பக்கப் பெருக்கத்தாலோ வரைபட நுணுக்கத்தாலோ அளத்தல் போதாது. நகரை வாழவைக்கும் உழைப்பையும் அதன் பயனை அபகரிப்போரையும் அது இனங்காட்ட வேண்டும். அவர்களிடையேயான முரண்பாட்டில் தலையிடும் ஆற்றலை ஆடுவோருக்கு வழங்கவும் வேண்டும். மாற்ற இயலாததாகக் கற்பனை செய்யப்பட்ட நகரம், நிலவும் நகரத்துக்கான நியாயமாகவே முடியும்.